‘கெட்’ என்ற குட்டி வினைச்சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் பேசப் பழகும் எவரையும் ஏதாவது ஒரு கட்டத்தில் மடக்கிவிடும் சொல் ‘கெட்’. இறந்தகாலத்தில் ‘காட்’. இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். ‘காட்’ என்று வரும் இடங்களில் கடவுளைத் தேட வேண்டாம். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

‘கெட்’ என்றால் தமிழில் என்ன?

ஒரே சொல்லில் பதில் கிடையாது. ‘ஐ காட் எ ஜாப்’ என்றால் வேலை கிடைத்தது. ‘ஐ காட் எ ஷர்ட்’ என்றால் சட்டை வாங்கினேன். ‘ஐ காட் டயர்ட்’ என்றால் களைத்துப்போனேன். ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீடு வந்து சேர்ந்தேன். ‘ஐ காட் தி ஜோக்’ என்றால் நகைச்சுவை புரிந்தது. ‘ஐ காட் ஹர்ட்’ என்றால் அடிபட்டது. கிடை, வாங்கு, ஆகு, போ, சேர், புரி, படு என்று நாம் ஏழெட்டு வினைகளை வைத்துச் செய்யும் வேலையை அவர்கள் ஒன்றை வைத்தே ஒப்பேற்றுகிறார்கள்.

அதனால் பொருள்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. மேலே உள்ள ஆறு வாக்கியங்களையும் இன்னொரு முறை பாருங்கள். எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. வேலை இல்லாமல் இருந்தது, வந்தது. களைப்பு இல்லாமல் இருந்தது, வந்தது. வெளியே இருந்தவர் வீட்டுக்குள் இருக்கிறார். முன்பு இல்லாத ஒரு நிலைக்குள் ஓர் ஆள் வந்து விழும் அந்தக் கணம்தான் ‘கெட்’. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதியை நீங்களே சொல்லிவிடலாம்.

‘ஐ வாஸ் டயர்ட்’, ‘ஐ காட் டயர்ட்’: இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ‘வாஸ்’ நிலையைச் சொல்கிறது, ‘காட்’ அந்த நிலைக்கு வந்ததைச் சொல்கிறது. களைப்பாக இருந்தேன், களைப்பாகிவிட்டது என்று தமிழில் நாம் பிரிப்பது போலவேதான்.

இந்த வேறுபாடு திருமண விஷயத்தில் நன்றாகத் தெரியும். ‘ஷீ இஸ் மேரீட்’ என்றால் அவள் திருமணமானவள். ‘ஷீ காட் மேரீட் லாஸ்ட் இயர்’ என்றால் போன வருடம் கல்யாணம் நடந்தது. (கையோடு இன்னொன்று: ‘மேரீட் வித்’ என்று நம்மில் பலர் சொல்கிறோம். ‘மேரீட் டு’ என்பதே வழக்கு.) ‘ஐ நோ ஹிம்’ என்றால் அவரை எனக்குத் தெரியும். ‘ஐ காட் டு நோ ஹிம் இன் கோயம்புத்தூர்’ என்றால் கோயம்புத்தூரில்தான் அவர் பழக்கமானார். ‘ஐ ஆம் யூஸ்ட் டு தி ஹீட்’ என்றால் வெயில் எனக்குப் பழகியது. ‘ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு தி ஹீட்’ என்றால் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

செயல் தொடங்கும் தருணத்துக்கும் இது உதவும். ‘வீ காட் டாக்கிங்’ என்றால் பேச்சு கொடுத்தோம், அப்படியே பேச்சு வளர்ந்தது என்ற தொனி. ‘லெட்ஸ் கெட் கோயிங்’ என்றால் கிளம்பலாம் வாங்க.

அப்படியானால் ‘பிகம்’ எதற்கு?

‘கெட்’டுக்குப் பின்னால் பண்பைச் சொல்லும் சொல் வரும்: ‘காட் ஆங்ரி’, ‘காட் ஓல்ட்’, ‘காட் டார்க்’. ஆனால் ‘ஆனார்’ என்ற பொருளில் பெயர்ச்சொல் வராது. தம்பி மருத்துவர் ஆனான் என்று சொல்ல ‘ஹி காட் எ டாக்டர்’ என்றால் போச்சு. தம்பி போய் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்று கேட்பவர் நினைத்துக்கொள்வார். அங்கே ‘ஹி பிகேம் எ டாக்டர்’ மட்டுமே சரி.

பண்புச்சொற்களிலும் எல்லாமே ‘கெட்’டோடு ஒட்டாது. பால் கெட்டுப்போனால் ‘தி மில்க் வென்ட் பேட்’. தலை வழுக்கையானால் ‘வென்ட் பால்ட்’. பார்வை போனால் ‘வென்ட் பிளைண்ட்’. கம்பெனி திவாலானால் ‘வென்ட் பேங்க்ரப்ட்’. திரும்பி வராத கேடுகளுக்கு ஆங்கிலம் ‘கோ’வைப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு இது புதிதே இல்லை. கெட்டுப்போனது, நொடித்துப்போனது, உளுத்துப்போனது என்று நாமும் இதே இடங்களில் ‘போ’வைத்தானே சேர்க்கிறோம்? அதே காது ஆங்கிலத்திலும் வழிகாட்டும். நிறம் மாறினால் ‘டர்ன்’ அல்லது ‘கோ’: ‘ஹிஸ் ஃபேஸ் டர்ன்ட் ரெட்’. தூங்கிப்போனால் ‘ஃபெல் அஸ்லீப்’.

‘எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்பதை எப்படிச் சொல்வது?

தமிழில் காய்ச்சல் எழுவாய். நாம் வெறுமனே ‘எனக்கு’. ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய்: ‘ஐ காட் எ ஃபீவர்’. அந்த ‘எ’யை விட்டுவிடாதீர்கள், ‘ஐ காட் ஃபீவர்’ என்பது நம் ஊர் ஆங்கிலம். இப்போதும் காய்ச்சல் இருக்கிறது என்றால் ‘ஐ ஹேவ் காட் எ ஃபீவர்’ அல்லது ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’. பிரிட்டனில் ‘டெம்பரேச்சர்’ என்றும் சொல்வார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது, எனக்குக் கடிதம் வந்தது, எனக்குப் புரிந்தது என்று நம் ‘எனக்கு’ வரும் பல இடங்களில் ‘ஐ காட்’ சரியாகப் பொருந்தும்.

‘முடி வெட்டிக்கொண்டேன்’: ‘ஐ கட் மை ஹேர்’ சரிதானே?

கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரிக்கோல் பிடித்திருந்தால் சரி. சலூனுக்குப் போயிருந்தால் ‘ஐ காட் மை ஹேர் கட்’. ‘கெட்’டின் உபயோகங்களில் தமிழர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வேலையை வேறொருவர் செய்தாலும் நாமே செய்ததாகச் சொல்வது தமிழ்ப் பேச்சில் சகஜம். பல்லைப் பிடுங்கிக்கொண்டேன், ரத்தம் டெஸ்ட் பண்ணினேன், தீபாவளிக்கு ப்ளவுஸ் தைத்தேன் என்போம். செய்தது பல் டாக்டரும் லேப்காரரும் டெய்லரும் என்பது கேட்பவருக்குத் தெரியும். இதை அப்படியே ‘ஐ ரிமூவ்ட் மை டூத்’ என்று மாற்றினால் குறடு உங்கள் கையில் இருந்ததாக ஆகிவிடும். ‘ஐ காட் மை டூத் ரிமூவ்ட்’, ‘ஐ காட் மை பிளட் டெஸ்டட்’, ‘ஐ காட் எ ப்ளவுஸ் ஸ்டிச்ட்’ என்பதே முறை. வரிசை முக்கியம்: கெட், பிறகு பொருள், கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். ‘காட்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட்’ போட்டாலும் பொருள் கிட்டத்தட்ட அதுவேதான், கொஞ்சம் மிடுக்கு கூடும்.

தமிழிலும் இதற்கென்று தனி வடிவம் உண்டு, இன்று பேச்சில் தேய்ந்துவிட்டது. செய்வித்தான், கட்டுவித்தான், எடுப்பித்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் தன் கோயிலை ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’ என்கிறான். கல் சுமந்தது தான் இல்லை என்பதை மன்னனின் வினைச்சொல்லே ஒப்புக்கொள்கிறது. ‘காட் இட் பில்ட்’ என்பதற்கு இதைவிட நல்ல தமிழ் கிடைக்காது.

‘ஐ மேட் ஹிம் சைன்’, ‘ஐ ஹேட் ஹிம் சைன்’, ‘ஐ காட் ஹிம் டு சைன்’: என்ன வேறுபாடு?

மூன்றிலும் கையெழுத்து விழுந்துவிட்டது. எப்படி விழுந்தது என்பதில்தான் வேறுபாடு. ‘மேட்’ என்றால் வற்புறுத்தல். அவருக்கு வேறு வழியில்லை. ‘ஹேட்’ என்றால் அது அவர் வேலை, சொன்னோம், செய்தார். அலுவலக உதவியாளரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ சொல்வது போல. ‘காட்’ என்றால் கொஞ்சம் பாடுபட்டிருக்கிறோம்: கெஞ்சியோ, நயமாகப் பேசியோ, நாலு தடவை அலைந்தோ சம்மதிக்க வைத்திருக்கிறோம். மார்க் குறைந்த ரிப்போர்ட் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்றால் ‘ஐ காட் மை ஃபாதர் டு சைன் இட்’தான் பொருந்தும். ‘மேட்’ போட்டால் அப்பாவை மிரட்டியதாக ஆகிவிடும்.

‘டு’ எங்கே வருகிறது என்று கவனியுங்கள். ‘காட் ஹிம்’ என்ற பிறகு ‘டு’ உண்டு. ‘மேட் ஹிம்’, ‘ஹேட் ஹிம்’ என்றால் கிடையாது.

உயிரில்லாத பொருள்களிடமும் கெஞ்சலாம். ‘ஐ குடின்ட் கெட் தி ஸ்கூட்டர் டு ஸ்டார்ட்’. உதைத்து உதைத்துப் பார்த்தேன், வண்டி கிளம்பவே இல்லை.

‘வாஸ் அரெஸ்டட்’, ‘காட் அரெஸ்டட்’: எதை எப்போது?

செய்தித்தாளிலும் கோர்ட்டிலும் ‘வாஸ் அரெஸ்டட்’. டீக்கடையில் ‘காட் அரெஸ்டட்’. பேச்சுத் தன்மை ஒரு காரணம்தான். இன்னொரு காரணமும் உண்டு. ‘காட்’ வரும்போது அந்த ஆளுக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்ற உணர்வு கூடுகிறது. ‘காட் ஹிட்’, ‘காட் ஃபயர்ட்’, ‘மை ஃபோன் காட் ஸ்டோலன்’ என்று துன்பங்களே பெரும்பாலும் வரும். நம் ‘படு’ இதன் பங்காளி: அடிபட்டான், பிடிபட்டான், அகப்பட்டான். ஆனால் ‘கெட்’ நல்ல செய்தியையும் சுமக்கும்: ‘ஷீ காட் ப்ரமோட்டட்’, ‘ஹி காட் செலக்டட்’.

யாருக்கும் எதுவும் நேராத, வெறும் தகவலான வாக்கியத்தில் இது ஒட்டாது. ‘தி பிரிட்ஜ் காட் பில்ட் இன் 1914’ என்றால் கேட்பவர் புருவத்தை உயர்த்துவார். பாலத்துக்கு என்ன நேர்ந்தது? ‘வாஸ் பில்ட்’ போதும்.

பழியைச் சுமத்த வேண்டுமா? ‘ஹி காட் ஹிம்செல்ஃப் அரெஸ்டட்’. சும்மா இருந்திருக்கலாம், தானே போய் மாட்டிக்கொண்டான்.

‘ஐ ஹேவ் காட் எ கார்’: ‘ஹேவ்’ இருக்கும்போது ‘காட்’ எதற்கு?

வடிவத்தைப் பார்த்தால் ‘வாங்கியிருக்கிறேன்’ என்பது போல இருக்கும். பொருளோ ‘என்னிடம் இருக்கிறது’. வாங்கியிருந்தால் இருக்கத்தானே செய்யும்! அந்த வழியில்தான் இந்தப் பொருள் பிறந்தது. பேச்சில் ‘ஹேவ்’ என்பது ‘ஐவ்’ என்று சுருங்கிக் காதில் விழாமலே போய்விடுவதால், பலருக்கு ‘ஐ காட் எ கார்’ என்றுதான் கேட்கிறது. சாதாரணப் பேச்சில் அமெரிக்கர்கள் அப்படியே சொல்லவும் செய்கிறார்கள். எழுத்தில் ‘ஐ காட் எ கார்’ என்றால் கார் கிடைத்தது, வாங்கினேன் என்பதே பொருள்.

பிரிட்டனில் ‘ஹேவ் யூ காட் எ பென்?’ என்று கேட்பார்கள், அமெரிக்காவில் ‘டூ யூ ஹேவ் எ பென்?’ என்பது வழக்கம். பதில் சொல்லும்போது கேள்வியின் முதல் சொல்லைத் திருப்பித் தாருங்கள்: ‘யெஸ், ஐ ஹேவ்’ அல்லது ‘யெஸ், ஐ டூ’. இறந்தகாலத்தில் ‘காட்’டை விட்டுவிட்டு ‘ஐ ஹேட் எ கார்’ என்றால் போதும்.

எதுவானாலும் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பதைவிட மேல். அண்ணன் தம்பிகள் இருப்பது ஒரு நிலை. இப்போது நடந்துகொண்டிருக்கும் காரியமாக அதைச் சொல்ல முடியாது.

‘ஐ காட் டு கோ’ என்றால் போக வேண்டும் என்றா, போக வாய்த்தது என்றா?

இரண்டும்தான். ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயே ஆக வேண்டும். இதுதான் பேச்சில் தேய்ந்து ‘காட்டா’ ஆகியது: ‘ஐ காட்டா கோ’. இதே வாக்கியத்தை ‘ஹேவ்’ இல்லாமல், நடந்து முடிந்த விஷயமாகச் சொன்னால் வாய்ப்பு கிடைத்தது என்று பொருள்: ‘ஐ காட் டு மீட் தி மினிஸ்டர்’. அமைச்சரைச் சந்திக்க எனக்கு வாய்த்தது. எதைச் சொல்கிறார்கள் என்பது சூழலிலும் குரலிலும் தெரிந்துவிடும். ‘காட்டா’வை மெசேஜில் எழுதலாம், வேலை விண்ணப்பத்தில் எழுதாதீர்கள்.

‘காட்டன்’ என்று அமெரிக்கப் படங்களில் வருகிறதே, அது பிழையா?

பிழை இல்லை. ‘காட்’டுக்குப் பதிலாக வரும் மூன்றாம் வடிவம் அது, பருத்தி இல்லை. சொல்லப்போனால் அதுதான் பழையது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், காயீனைப் பெற்றவுடன் ஏவாள் பேசும் வசனத்தில் (ஆதியாகமம் 4:1) ‘ஐ ஹேவ் காட்டன் எ மேன் ஃப்ரம் தி லார்ட்’ என்று இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் அட்லாண்டிக்கைக் கடந்து போய்க் குடியேறியவர்கள் இந்த வடிவத்தைக் கூடவே கொண்டுபோனார்கள். பின்னால் இங்கிலாந்தில் இது வழக்கொழிந்தது, அங்கே தங்கிவிட்டது. ‘காட்டன்’ என்று கேட்டதும் அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளிக்கும் ஆங்கிலேயர்களும், அவர்களைப் பார்த்துச் சுளிக்கும் நம்மவர்களும் ‘ஃபர்காட்டன்’ என்று தினமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அமெரிக்கர்களுக்கு இது ஒரு வசதியும் தருகிறது. ‘ஐவ் காட் எ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐவ் காட்டன் எ கார்’ என்றால் கார் வாங்கியிருக்கிறேன். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘காட்’ ஒன்றுதான். இந்தியாவிலும் இலங்கையிலும் பள்ளியில் சொல்லித் தருவது பிரிட்டிஷ் வடிவம். எதை எடுத்தாலும் ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

பஸ்ஸிலிருந்து ‘கெட் டவுன்’ பண்ணலாமா?

நம் ஊர் பஸ்ஸில் தாராளமாக. கண்டக்டர் முதல் கல்லூரிப் பேராசிரியர் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. ‘இறங்கு’ என்பதில் கீழே வருவது அடங்கியிருப்பதால் ‘டவுன்’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. லண்டன் பஸ்ஸில் ‘கெட் ஆஃப்’ என்பார்கள். அங்கே ‘கெட் டவுன்’ என்பது மரத்திலிருந்தோ ஏணியிலிருந்தோ குதிரையிலிருந்தோ இறங்குவது. யாராவது ‘கெட் டவுன்!’ என்று கத்தினால் குனிந்து படுத்துவிடுங்கள், அது ஆபத்துக்கான எச்சரிக்கை.

ஏறுவதற்கும் ஒரு கணக்கு உண்டு. உள்ளே எழுந்து நடமாடக்கூடிய வண்டி என்றால் ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’: பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து நுழைந்து உட்கார வேண்டியது என்றால் ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’: கார், ஆட்டோ. காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது மறுபடி ‘ஆன்’: சைக்கிள், பைக், குதிரை.

இலங்கை ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ வேறொரு வேலையும் செய்கிறது. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு பொருளையோ ஆளையோ வரவழைப்பதை அப்படிச் சொல்வார்கள். ‘வீ காட் டவுன் தி பார்ட்ஸ் ஃப்ரம் ஜப்பான்’ என்று கொழும்பில் ஒருவர் சொன்னால் உதிரிபாகங்களை ஜப்பானிலிருந்து தருவித்தோம் என்று பொருள்.

போய்ச் சேர்ந்ததைக் கேட்கும்போது நாம் ‘ஹேவ் யூ ரீச்ட்?’ என்று நிறுத்திவிடுவோம். வெளிநாட்டவர் எதை என்று மேலும் காத்திருப்பார். ‘டிட் யூ கெட் ஹோம்?’, ‘டிட் யூ கெட் தேர்?’ என்றால் முழுதாகும். ‘ஹோம்’, ‘ஹியர்’, ‘தேர்’ மூன்றுக்கும் முன்னால் ‘டு’ வராது. மற்ற இடங்களுக்கு வரும்: ‘காட் டு தி ஸ்டேஷன்’.

‘கெட் மீ சம் வாட்டர்’ என்பதும் ‘ப்ரிங் மீ சம் வாட்டர்’ என்பதும்?

தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது, வரும்போது கொண்டுவாருங்கள் என்றால் ‘ப்ரிங்’. எழுந்து போய் எடுத்து வரவேண்டும் என்றால் ‘கெட்’. போவதும் வருவதும் இரண்டும் இதற்குள் இருக்கிறது. இதனால்தான் காபிக் கடையில் ‘கேன் ஐ கெட் எ காபி?’ என்று இளைஞர்கள் கேட்கும்போது வயதான ஆங்கிலேயர்கள் எரிச்சலாகிறார்கள். கவுண்டருக்குப் பின்னால் போய் நீயே எடுத்துக்கொள்ளப் போகிறாயா என்பது அவர்கள் கேள்வி. அமெரிக்காவில் இது மிக இயல்பான பேச்சு, இப்போது எங்கும் பரவிவிட்டது. இதற்காகச் சண்டை போடத் தேவையில்லை.

‘கெட்’டோடு ஓவர், த்ரூ, பை எல்லாம் சேரும்போது குழம்புகிறதே?

அகர வரிசையில் ஐம்பது கூட்டுவினைகளைப் படிப்பது எனக்கு ஒப்பாத முறை. தமிழில் நாம் அடிக்கடி சொல்லும் வாக்கியத்தை எடுத்து அதற்குப் பொருந்தும் ஒன்றை ஒட்டிக்கொள்ளுங்கள், மறக்காது.

‘இங்கிலீஷில் ஏதோ ஒப்பேற்றிவிடுவேன்’ என்பது ‘ஐ கேன் கெட் பை இன் இங்கிலீஷ்’. சம்பளம் கைக்கும் வாய்க்குமாகப் போவதையும் இதே ‘கெட் பை’யால் சொல்லலாம். ‘போன் போட்டேன், லைனே கிடைக்கவில்லை’ என்பது ‘ஐ குடின்ட் கெட் த்ரூ’. ‘நீங்க என்னதான் சொல்ல வர்றீங்க?’ என்பது ‘வாட் ஆர் யூ கெட்டிங் அட்?’. இது கொஞ்சம் காரமானது, மேலதிகாரியிடம் வேண்டாம். மாமியாரோடு ஒத்துப்போகிறது என்றால் ‘கெட் அலாங் வித்’, பிரிட்டனில் ‘கெட் ஆன் வித்’. அந்த இழப்பிலிருந்து இன்னும் மீளவில்லை என்றால் ‘ஹி ஹேஸ்ன்ட் காட் ஓவர் இட்’. பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அலுவலகத்தில் நழுவுவதற்கு ‘ஐ வில் கெட் பேக் டு யூ’. செய்ய வேண்டும் என்று நினைத்து நாள் தள்ளிக்கொண்டே போன வேலைக்கு ‘ஐ நெவர் காட் அரவுண்ட் டு இட்’.

தமிழில் நேர்ச்சொல் இல்லாதது ‘கெட் அவே வித்’. தப்பு செய்தான், எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒன்றும் ஆகவில்லை: ‘ஹி காட் அவே வித் இட்’. வெறும் ‘கெட் அவே’ என்றால் தப்பி ஓடினான் என்று மட்டும் ஆகும். இந்த ‘வித்’தில்தான் அநியாயம் இருக்கிறது.

‘ஐ டிட்ன்ட் கெட் யூ’ என்று கேட்கலாமா?

இந்தியாவில் கேட்கலாம், வெளியே சற்று விநோதமாக ஒலிக்கும். காதில் விழவில்லை என்றால் ‘ஐ டிட்ன்ட் கெட் தட்’ அல்லது ‘ஐ டிட்ன்ட் கேட்ச் தட்’. புரியவில்லை என்றால் ‘ஐ டோன்ட் கெட் இட்’. ‘யூ’ போட்டால் ஆளையே புரியவில்லை என்ற சாயல் வந்துவிடும்.

எழுத்தில் ‘கெட்’ தரக்குறைவு என்று ஆசிரியர் அடித்துவிட்டார். சரியா?

பாதி சரி. ‘கெட்’ பேச்சுத் தன்மை கொண்டது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் அடிக்கடி வந்தால் மொழி ஏழையாகத் தெரியும். ‘ரிசீவ்’, ‘அப்டெய்ன்’, ‘பிகம்’, ‘அரைவ்’ என்று அந்தந்த இடத்துக்குத் துல்லியமான சொல் இருக்கிறது. ஆனால் ‘கெட் மேரீட்’ என்பதையோ ‘கெட் ரிட் ஆஃப்’ என்பதையோ மாற்றப் போனால் வாக்கியம் விறைத்துப்போகும். நண்பருக்கு எழுதும்போது ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் மெசேஜ்’ என்பது வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும். அங்கே ‘காட்’தான் மரியாதை.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வைக்கிங்குகளோடு. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காண்டிநேவியர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியின் ‘கெட்டா’ என்ற வினைதான் இது. ‘டேக்’, ‘தே’, ‘எக்’, ‘ஸ்கை’, ‘நைஃப்’, ‘விண்டோ’ ஆகியவையும் அந்த மொழி கொடுத்தவையே. பழைய ஆங்கிலத்திலும் இதே வேர் இருந்தது, ஆனால் தனியாக அதிகம் நடமாடாமல் முன்னொட்டோடு ஒட்டியே வந்தது. இன்றைய ‘ஃபர்கெட்’ அந்த வழி வந்தது. ‘ஜெம்’, ‘ஜென்டில்’ என்பதில் மென்மையாகும் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இங்கே ‘க’ ஒலியோடு நிற்பதும் நார்ஸ் செல்வாக்கால்தான். பழைய ஆங்கிலத்தில் இந்த வேரின் முதலொலி ‘ய’ போலத்தான் இருந்தது. அது நிலைத்திருந்தால் இன்று ‘ஃபர்யெட்’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் உள்ள வினை இதுதானா?

இல்லை. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் நீளமான பதிவு ‘செட்’. பின்னர் நடந்த திருத்தத்தில் ‘ரன்’ அதை முந்தியது. அந்த வினைக்கு மட்டும் 645 பொருள்களை அகராதிக்காரர்கள் பிரித்தார்கள்.

‘கெட்டப்’, ‘கெட்-டுகெதர்’ எல்லாம் இதே ‘கெட்’தானா?

ஆமாம். நடிகரின் வேடத்தை நாம் ‘கெட்டப்’ என்கிறோம்; புதுப்பட போஸ்டர் வந்ததும் ‘கெட்டப் செம’ என்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பெயர்ச்சொல்லுக்கு உடுத்தியிருக்கும் உடை, அதிலும் கொஞ்சம் வேடிக்கையான உடை என்ற சாயல் உண்டு. அங்கே ஒருவரைப் பார்த்து ‘நைஸ் கெட்டப்’ என்றால் கிண்டலாக எடுத்துக்கொள்ளக்கூடும். ‘கெட்-டுகெதர்’ இரண்டு பக்கமும் ஒன்றுதான்: பழைய வகுப்புத் தோழர்கள் கூடிச் சாப்பிடுவது. ‘கெத்து’க்கும் இதற்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

நிரல் எழுதும்போது வரும் ‘கெட்’?

அதே ‘போய் எடுத்து வா’தான். உலாவியில் ஒரு முகவரியைத் தட்டியதும் அது சர்வரிடம் ‘கெட்’ என்று கேட்கிறது, சர்வர் பக்கத்தை அனுப்புகிறது. அவை இரண்டும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர். 1991-இல், வலையை (வெப்) உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயின் முதல் எச்டிடிபி வடிவத்தில் இருந்தது இந்த ஒரே கட்டளைதான். தகவலை அனுப்பும் ‘போஸ்ட்’ எல்லாம் அப்புறம் வந்தவை.